எட்டு ஆண்டுகளில் கேமரா என்ன கற்றுக்கொண்டது?

சோனி நிறுவனம் 2013 அக்டோபரில் ஏ7 என்ற கேமராவை அறிவித்தது. அதன் நான்காம் தலைமுறையான ஏ7 மார்க் 4, எட்டு ஆண்டு கழித்து 2021 அக்டோபரில் வந்தது. இரண்டையும் முக்காலியில் மாட்டி, ஒரே லென்ஸைப் போட்டு, நல்ல வெயிலில் ஒரு மலையைப் படமெடுங்கள். இரண்டு படங்களையும் ஓரடி அகலத்துக்கு அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது பழையது, எது புதியது என்று சொல்லத் தொழில்முறைப் புகைப்படக்காரரே திணறுவார். அதே கேமராக்களைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய், கிளையிலிருந்து தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தியை எடுக்கச் சொன்னால் ஆட்டம் மாறிவிடும். புதியதை வைத்திருப்பவர் பறவையின் கண் கூர்மையாகத் தெரியும் படத்தோடு வர வாய்ப்பு அதிகம். பழையதை வைத்திருப்பவர் பெரும்பாலும் பறவை விழுந்த இடத்தில் எழுந்த நீர்வளையத்தைத்தான் எடுத்து வருவார்.

ஒரே குடும்பம், ஒரே அளவு சென்சார், ஒரே லென்ஸ். ஓரிடத்தில் வித்தியாசம் தேடினாலும் கிடைக்கவில்லை. இன்னோரிடத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தப் புதிரை அவிழ்த்துப் பார்த்தால், ஒளிக்கு இருக்கும் எல்லையும் காலத்தோடு கேமரா போடும் போட்டியும் விளங்கும்.

கண்ணாடி போன பிறகு

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஒரு பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். கொஞ்சம் ஒளி மட்டும் கீழே இறங்கி, ஃபோகஸ் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் தனி உணரிக்குப் போகும். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். படம் பிடிக்கும் சென்சாருக்கு ஒளி போய்ச் சேர்வது அப்போதுதான்.

பானசோனிக் 2008இல் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1 இந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டது. இன்று கடைகளில் நிற்கும் மிரர்லெஸ் கேமராக்களின் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கண்ணாடி போனதும் எல்லா வேலையும் சென்சாரின் தலையில் விழுந்தது. வியூஃபைண்டரில் இருக்கும் குட்டித் திரைக்குக் காட்சியை ஓயாமல் அனுப்ப வேண்டும், வெளிச்சத்தை அளக்க வேண்டும், ஃபோகஸ் பார்க்க வேண்டும், கடைசியில் படத்தையும் எடுக்க வேண்டும். ஒரே ஆள் நாலு வேலை பார்க்கும்போது, எத்தனை சுருக்காகப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிரர்லெஸ் வகையைச் சேர்ந்த ஏ7க்கும் ஏ7 மார்க் 4க்கும் உள்ள பெரும்பாலான வித்தியாசம் அந்தச் சுறுசுறுப்பில் அடங்கியது.

கண்ணாடிக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் லென்ஸ் பூட்டும் வளையமும் சென்சாரும் நெருங்கி வந்தன. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் இந்த இடைவெளி 46.5 மி.மீ.; சோனியின் இ மவுன்ட்டில் 18 மி.மீ. மட்டுமே. மிச்சமாகும் இடத்தில் ஓர் அடாப்டரைப் பூட்டினால், அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கூட மிரர்லெஸ் கேமராவில் உட்கார்ந்துகொள்ளும். இ மவுன்ட் 2010இல் வந்தது. ஏ7, ஏ7 மார்க் 4 இரண்டிலும் அதே மவுன்ட்தான். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே லென்ஸைப் போட்டு நியாயமாக ஒப்பிட முடிகிறது.

ஒளி போடும் வேலி

முதலில் எல்லோரும் கேட்கும் எண்ணிக்கை: மெகாபிக்சல். பழையதில் 24.3, புதியதில் 33. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டதுபோல் தெரிகிறது. ஆனால் பிக்சல்கள் நீளத்திலும் அகலத்திலும் பரவிக் கிடப்பவை. பழைய கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம், புதியதின் படம் 7008. ஒரு கோட்டின் மேல் வைத்து எண்ணினால் சுமார் 17 சதவீதம்தான் கூடுதல். ஓரடி அச்சில் கண்ணுக்கு இது தட்டுப்படாது. சுவர் முழுக்க அச்சிடும்போதோ, படத்தின் ஓரத்தில் உள்ள சின்ன உருவத்தை வெட்டிப் பெரிதாக்கும்போதோதான் இந்தக் கூடுதல் கைகொடுக்கும்.

அடுத்த கேள்வி, இருட்டில் எப்படி. இங்கேதான் இயற்பியல் ஒரு வேலி போடுகிறது. ஒளி தொடர்ந்து ஒழுகும் நீரோட்டம் கிடையாது. ஃபோட்டான் எனும் துகள்களாக, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில், அந்த எண்ணிக்கை 100 கூடவோ குறையவோ செய்வது இயல்பு. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்த ஊசலாட்டத்தின் அளவு. 10,000க்கு 100 என்றால் ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருட்டில் 100 ஃபோட்டான்தான் வருகிறது என்றால் ஊசலாட்டம் 10. அதாவது பத்து சதவீதம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்று கொஞ்சம் வெளுத்தும் இன்னொன்று கொஞ்சம் கறுத்தும் பதிவாகும். மணல் தூவினாற்போல் படத்தில் தெரியும் நாய்ஸின் பெரும்பகுதி இதுதான். இதில் கேமராவின் குற்றம் ஏதுமில்லை, ஒளியின் சுபாவமே அப்படி.

கேமராவின் பங்குக்கும் கொஞ்சம் நாய்ஸ் உண்டு. பிக்சலில் சேர்ந்த எலெக்ட்ரான்களை எண்ணும்போது மின்சுற்று செய்யும் பிசகு அது. 2013 வாக்கிலேயே நல்ல சென்சார்களில் இந்தப் பிசகு சில எலெக்ட்ரான்கள் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. வண்ண வடிகட்டியைத் தாண்டிச் சிலிக்கானுக்கு வந்து சேரும் ஃபோட்டான்களில் பாதிக்கு மேல் எலெக்ட்ரானாக மாறிக்கொண்டும் இருந்தன. மீதியை ஒன்றுவிடாமல் பிடித்தாலும், ஒளி இரட்டிப்பதைக் குறிக்கும் ஒரு ஸ்டாப் அளவுக்குக்கூட லாபம் வராது. சம்பாதிக்க வேண்டியதை முன்னோடிகளே சம்பாதித்துவிட்டார்கள்.

புதிய கேமராவின் சென்சாரைத் தயாரிக்கும்போது சிலிக்கான் தகட்டைப் புரட்டிப் போடுகிறார்கள். மின்கம்பிகள் அடியில் போய்விட, ஒளியை வாங்கும் பகுதி மேலே வந்துவிடுகிறது. செல்போன் சென்சாரில் இது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அங்கே பிக்சல் ஒரு மைக்ரான் அளவுதான் என்பதால் கம்பிகள் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. ஏ7இன் பிக்சல் கிட்டத்தட்ட 6 மைக்ரான். புதியதில் 5 மைக்ரானுக்குச் சற்று மேல். இத்தனை பெரிய பிக்சலில் கம்பிகள் மறைத்த ஒளி கொஞ்சம்தான், மீட்டதும் கொஞ்சம்தான். நிழலிலிருந்து வெளிச்சம்வரை ஒரே படத்தில் எத்தனை ஸ்டாப் வித்தியாசத்தைப் பிடிக்க முடியும் என்பதை டிஎக்ஸ்ஓமார்க் தளம் அளந்து வெளியிட்டது: பழையதற்கு 14.2, புதியதற்கு 14.7. எட்டு ஆண்டு உழைப்பு, அரை ஸ்டாப் லாபம். மலைப்படத்தில் வித்தியாசம் தெரியாததன் ரகசியம் இதுதான்.

பாதி மூடிய பிக்சல்கள்

மீன்கொத்தி விஷயத்துக்கு வருவோம். தொடக்க கால மிரர்லெஸ் கேமராக்கள் ஃபோகஸ் பிடித்தது தடவித் தடவித்தான். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தும், படம் கூர்மையானதா என்று பார்க்கும், இன்னும் நகர்த்தும், கூர்மை குறைந்தால்தான் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து பின்னால் வரும். சிலைக்கு இது போதும், ஓடும் குழந்தைக்குப் போதாது.

இதற்கு மாற்று வழியைப் புரிந்துகொள்ள, ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும். பக்கத்தில் இருந்தால் அதிகம், தள்ளி இருந்தால் குறைவு. லென்ஸின் இடப்பாதி பார்க்கும் காட்சிக்கும் வலப்பாதி பார்க்கும் காட்சிக்கும் இடையில் இதே தாவல் உண்டு. சென்சாரில் சில பிக்சல்களின் இடப்பாதியையும் வேறு சிலவற்றின் வலப்பாதியையும் உலோகப் படலத்தால் மூடிவிட்டால், ஒரு வகை லென்ஸின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும், மற்றது மறுபக்கத்தை மட்டும். இரண்டும் தரும் காட்சிகள் எந்தத் திசையில், எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தால் போதும். லென்ஸை முன்னால் நகர்த்துவதா பின்னால் நகர்த்துவதா, எத்தனை தூரம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தடவல் தேவையில்லை.

ஏ7இல் இத்தகைய ஃபோகஸ் புள்ளிகள் 117. அவை படத்தின் நடுப்பகுதியிலேயே கூடிக்கிடந்தன. பறவை ஓரத்துக்குப் போனால் பழைய தடவல் முறைதான். ஏ7 மார்க் 4இல் 759 புள்ளிகள், சட்டத்தின் 94 சதவீதப் பரப்பில் பரவியிருக்கின்றன. தயாரிப்பாளரின் கணக்குப்படி, முழுநிலா வெளிச்சத்தைவிட மங்கலான இடத்திலும் அது ஃபோகஸ் பிடிக்கும்.

தூரத்தை அளப்பது ஒரு பாதி. எதன் தூரத்தை அளப்பது என்று முடிவு செய்வது மறுபாதி. ஏ7இலும் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தது. மனிதக் கண்ணுக்கு மட்டும், அதுவும் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்து, ஆள் அசையாமல் நின்றால். புதியது மனிதர், விலங்கு, பறவை மூன்றின் கண்களையும் அடையாளம் கண்டு, அவை நகர நகரத் தானே பின்தொடர்கிறது. வீடியோ ஓடும்போதும் விடுவதில்லை. கண் எப்படி இருக்கும் என்று யாரும் அதற்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கிளைக்குப் பின்னால் பாதி மறைந்த கரிச்சானின் கறுப்புத் தலையில் கறுப்புக் கண் எங்கே என்று மனிதர் தேடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் சின்னச் சதுரம் அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வியப்பு தெரியும்.

வேகமும் கூடியது. ஏ7 நொடிக்கு 5 படம் எடுக்கும், புதியது 10. நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் பறவை, பழைய கேமராவின் இரண்டு படங்களுக்கு இடையில் 2 மீட்டர் போய்விடும்; புதியதில் ஒரு மீட்டர்.

சீலிங் ஃபேன் சோதனை

புதியது எல்லாவற்றிலும் வேகம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஏ7 மார்க் 4இல் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தேர்ந்தெடுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றி, ஷட்டர் வேகத்தை நொடியில் 4000இல் ஒரு பங்காக வையுங்கள். தரையில் படுத்துக்கொண்டு, முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேனைப் படமெடுங்கள். இத்தனை வேகத்தில் எடுத்தால் இறக்கைகள் உறைந்து நிற்க வேண்டும். படத்தில் அவை மங்கலாக இல்லைதான்; ஆனால் ரப்பரால் செய்தவைபோல் வளைந்திருக்கும்.

காரணம், சென்சார் எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. ஒவ்வொரு வரிசையும் 4000இல் ஒரு நொடி மட்டுமே ஒளியை வாங்குகிறது, உண்மை. ஆனால் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்து முடிக்க இந்தக் கேமராவுக்குச் சுமார் 15இல் ஒரு நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஃபேன், நொடிக்கு 5 சுற்று சுற்றும். 15இல் ஒரு நொடிக்குள் அது மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 டிகிரி திரும்பிவிடுகிறது. மூன்று இறக்கை ஃபேன் என்றால், முதல் வரிசையைப் படித்தபோது ஓர் இறக்கை இருந்த இடத்துக்கு, கடைசி வரிசையைப் படிக்கும்போது அடுத்த இறக்கையே வந்து சேர்ந்திருக்கும். படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை.

கல்யாண மண்டபத்தில் இதே ஷட்டரால் இன்னொரு தொல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். சென்சார் படித்து முடிப்பதற்குள் ஆறேழு மின்னல்கள் கடந்துவிடும். மணமக்கள்மேல் ஆறேழு இருண்ட பட்டைகள் குறுக்கே ஓடும்.

இரண்டு கேமராக்களிலும் உலோகத் திரைகளால் ஆன பழைய பாணி ஷட்டர் இன்னும் இருப்பது இதனால்தான். அதன் திரை சென்சாரைக் கடக்கச் சுமார் 250இல் ஒரு நொடி போதும். அந்த நேரத்தில் நம் ஃபேன் 7 டிகிரிதான் திரும்பியிருக்கும். ஏ7இல் முழு எலெக்ட்ரானிக் ஷட்டர் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் 'க்ளக்' என்று சத்தம் கேட்டே தீரும்.

எலெக்ட்ரானிக் ஷட்டரின் இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் சோனி 2017இல் ஏ9 கேமராவைக் கொண்டுவந்தது. அதன் சென்சாரின் அடியில் நினைவகத்தையே ஓர் அடுக்காக ஒட்டியிருந்தார்கள். படிக்கும் நேரம் சுமார் 160இல் ஒரு நொடியாகச் சுருங்கியது. 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மார்க் 3, முழு அளவுச் சென்சார் கேமராக்களில் முதன்முதலாக எல்லாப் பிக்சல்களையும் ஒரே கணத்தில் நிறுத்திப் பதிவுசெய்தது. அதில் உலோகத் திரையே இல்லை. 80,000இல் ஒரு நொடிவரை ஷட்டர் வேகம், நொடிக்கு 120 படம். ஃபேன் இறக்கை அதில் நேராகவே நிற்கும். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் எலெக்ட்ரான்களைச் சற்று நேரம் பத்திரப்படுத்த ஓர் அறை ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த இடம் ஒளி வாங்கும் பகுதியிலிருந்து பிடுங்கியது. அதனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல் தொடங்குகிறது. ஏ7, ஏ7 மார்க் 4 இரண்டிலும் 100. வேகத்துக்கு விலையாக ஒளியைக் கொடுத்திருக்கிறார்கள்.

நடுங்கும் கை, தீரும் பேட்டரி

கை நடுக்கத்தைச் சமாளிப்பதிலும் பெரிய தாவல். ஏ7இல் சென்சார் அசையாது. அடுத்த தலைமுறையில், 2014இல், சென்சாரையே காந்தங்களால் மிதக்கவிட்டு, கை நடுங்கும் பக்கத்துக்கு ஏற்ப நகர்த்தத் தொடங்கினார்கள். மார்க் 4க்குச் சொல்லப்படும் அளவு 5.5 ஸ்டாப், கணக்குப்படி சுமார் 45 மடங்கு. 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 50இல் ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய விதி. இப்போது ஒரு நொடியை நெருங்கலாம். முக்காலிக்கு அனுமதி கிடைக்காத கோயில் மண்டபத்து இருட்டில், தூண் சிற்பம் எடுப்பவருக்கு இது வரம். 2016இல் ஒலிம்பஸ் பொறியாளர் ஒருவர், நடுக்கத்தை உணரும் கருவி பூமியின் சுழற்சியையும் சேர்த்து உணர்ந்துவிடுவதால் 6.5 ஸ்டாப்புக்கு மேல் போவது கடினம் என்றார். சில ஆண்டுகளில் அந்த எல்லையும் தாண்டப்பட்டது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இது நம் கையின் அசைவுக்குத்தான் மருந்து, எதிரே ஓடுபவரின் அசைவுக்கு இல்லை.

வீடியோ எடுப்பவர்களுக்குப் பேச்சே வேண்டாம். பழையதில் 1080 வரி, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். புதியதில் 4கே, 1024 படிகள். மாலை வானத்தின் நிறம் மாறும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால் குறைகிறது.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் மின்சாரம் வேண்டுமே. ஏ7இன் பேட்டரியில் 7.3 வாட்-மணி, திரையைப் பார்த்து எடுத்தால் 340 படம். மார்க் 4இன் பேட்டரி 16.4 வாட்-மணி; 580 படம். பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் பெருத்தும் படங்கள் 1.7 மடங்குதான் கூடின. 2018இல் வந்த ஏ7 மார்க் 3, இதே பேட்டரியில் 710 படம் எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் புதிய கேமரா அதிகம் யோசிக்கிறது. அந்த யோசனைக்கான செலவு இது. எடையும் ஏறியது: ஏ7 474 கிராம், மார்க் 4 658 கிராம்.

யார் எதை வாங்கலாம்?

எட்டு ஆண்டுகளில் கேமரா ஒளியைக் கூடுதலாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். அங்கே வேலி இருக்கிறது. சரியான கணத்தில், சரியான இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டதே அதிகம். ஆகவே வாங்கப் போகிறவர் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன், "நான் எடுக்கும் படத்தில் எது அசையும்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. மலை, கோயில், வீட்டு முகப்பு, விற்பனைக்கான பொருள், சொன்னபடி உட்காரும் மனிதர் இவைதான் என்றால், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய ஏ7 இன்றும் வஞ்சகம் செய்யாது. நல்ல நிலையில் இருக்கும் பாடியாகப் பார்த்து, கூடவே உபரி பேட்டரி இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பறவை, விளையாட்டு, ஓடும் குழந்தை, கல்யாணம், வீடியோ என்றால் புதியதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. சத்தமில்லாத ஷட்டரை மட்டும் இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டில் எதற்கும் மனம் துணியாதவர்களுக்கு ஒரு யோசனை: பழைய பாடியை வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள். பாடியை நாளை மாற்றினாலும் அந்த லென்ஸ் புதியதிலும் அப்படியே பொருந்தும்.